வான்கோழிக்குச் சேர்ந்த கூட்டம்

"ஐயோ வேரோனிக்கா! எப்ப பிள்ளை நடந்தது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்த தொலைபேசிக்குள்ளால் யோகராணி அக்காவின் அழுகை சமையலறை முழுக்கப் பரவியது. மேசையில் இருந்த இக்னேசியஸ் பாணுக்குப் பட்டர் பூசுவதை நிறுத்தினார்.

"என்ன அக்கா நடந்தது?" என்றாள் அவர் மனைவி வேரோனிக்கா.

"உன்ரை மனிசன்தான் பிள்ளை. கடைக் கண்ணாடியிலை ஒட்டியிருக்கிறதைப் பாத்த உடனை அப்பிடியே திரும்பீட்டன். மரவள்ளிக் கிழங்கையும் வாங்காமல் வந்திட்டன்."

"அவருக்கென்ன? இஞ்சை முன்னாலை இருந்து பாண் சாப்பிடுறார்."

மறுமுனையில் அக்காவின் குரல் கனிந்தது.

"அப்பிடித்தான் பிள்ளை இருக்கும். என்ரை மனிசன் போன பிறகும் நான் கனகாலம் ரண்டு கோப்பை தேத்தண்ணிதான் ஊத்தினனான். நீ அழு. அழுதால்தான் ஆறும்."

"அக்கா, நான் உயிரோடைதான் இருக்கிறன்!" என்று இக்னேசியஸ் கத்தினார்.

"ஆர் அது? ஊரிலை இருந்து தம்பியார் வந்திட்டாரோ? குரல் அப்பிடியே உரிச்சு வைச்சமாதிரி!"

அக்கா மீண்டும் அழத் தொடங்கி, அழுதபடியே தொலைபேசியை வைத்துவிட்டார்.

இக்னேசியஸ் சாதாரண ஆள் இல்லை. மில்லிக்கன் தமிழ்த் திரைச் சுவைஞர் பேரவையின் நிறுவுநர், தலைவர், காப்பாளர். 'திரைஞாயிறு' என்று பட்டமும் உண்டு. பட்டத்தை வழங்கியது பேரவை. முன்மொழிந்தவரும் பெற்றுக்கொண்டவரும் இக்னேசியஸ். அந்தப் பேரவையில் செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், ஒலி ஒளிப் பொறுப்பாளர் என்று எல்லோருக்கும் பதவி இருந்தது. பார்வையாளர் என்ற ஒரு பதவிதான் வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்தது.

போன முறை அவர் 'உலக சினிமாவும் உள்மன வெளியும்' என்று பேசியபோது மண்டபத்தில் வெளியாட்கள் நான்கு பேர். அதில் ஒரு சோடி பக்கத்து மண்டபத்து ஞானஸ்நானக் கொண்டாட்டத்துக்குப் பரிசோடு வந்தவர்கள். பிழையான கதவால் நுழைந்துவிட்டு, எழும்பிப் போனால் மரியாதையில்லை என்று இருந்து, கடைசியில் மரியாதை போனாலும் பரவாயில்லை என்று எழும்பிப் போனார்கள். அன்றைக்குத்தான் உபதலைவர் அருள்நாயகம் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

"அடுத்த விழாவுக்கு மண்டபம் நிறைஞ்சால் தலைவர் தொடரலாம். நிறையாட்டில் தலைவர் கதிரையை வேறை ஆக்களுக்கு விடவேணும்."

வேறை ஆக்கள் என்றால் அருள்நாயகம் என்று எல்லோருக்கும் விளங்கியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதில் இக்னேசியஸின் மனமும் அடக்கம். அவர் அந்த நேரம் அடுத்த உரையின் தலைப்பை யோசித்துக்கொண்டு கையை உயர்த்திவிட்டார்.

பதவி போய்விடும் என்பது அவருக்கு உயிர் போகிற விஷயம். ஆகவே தன்னிடமிருந்த பெரிய ஆயுதத்தையே வெளியே எடுத்தார்: வான்கோழி.

அது ஒரு கார்ட்டூன் படம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், முகாமில் இருந்த விமானப்படைப் பொடியளைச் சிரிக்கவைக்க யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைத் துண்டு. மொத்தம் ஏழு நிமிடம். தொப்பி போட்ட வான்கோழி ஒன்று விமானமோட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியாராக வரும். கரும்பலகைக்கு முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திப் பறத்தல் பற்றிப் பேசும். வகுப்பு வாங்கில் வரிசையாய் இருக்கிற தாரா, குருவி, கொக்கு எல்லாம் கேட்டுக் கேட்டுக் களைத்து, ஒவ்வொன்றாய் நழுவிப்போய் விமானத்தில் ஏறி, சண்டை பிடித்து, வென்று, பதக்கத்தோடும் காயத்துக்குக் கட்டிய பண்டேச்சோடும் திரும்பி வரும். வான்கோழி அப்போதும் வெறும் வாங்குக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்.

பழைய சாமான் விற்கிற இடமொன்றில் இக்னேசியஸ் இதைக் கண்டெடுத்து வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து 'போர்க்காலக் கேலிப்படங்களில் பறத்தலின் மெய்யியல்' என்ற ஆய்வுரையை எழுதிவருகிறார். அவருடைய முடிவு இதுதான்: வான்கோழி ஒரு துன்பியல் நாயகன், அறியாத கூட்டத்தால் கைவிடப்பட்ட அறிஞன். இதைக் காரிலும், நிலவறையிலும், சிலவேளை கட்டிலிலும் அவர் ஒத்திகை பார்த்ததால், வேரோனிக்காவுக்கு வான்கோழியின் மனநிலை தன்னுடைய பிள்ளைகளின் மனநிலையைவிட நன்றாகத் தெரியும்.

ஏழு நிமிடப் படத்துக்கு நிகழ்ச்சி நிரல் போட்டாயிற்று. மங்கல விளக்கேற்றல், கனடா கீதம், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை, ஆய்வுரை, படம், நன்றியுரை. தலைமையுரையும் ஆய்வுரையும் தலைவர். வரவேற்புரையில் தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டியதையும் தலைவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

விளம்பரம் அடித்தது ஷாமிலா. ஸ்டீல்ஸ் ரோட்டுப் பிளாசாவில் அச்சுக்கடை வைத்திருக்கிற பிள்ளை. இக்னேசியஸ் சொன்னதை ஒரு புள்ளியும் பிசகாமல் செய்தது.

"போர்க்காலப் படம். ஆனபடியால் கறுப்பு வெள்ளை. நடுவிலை என்ரை படம், பெருசா," என்றார்.

"வான்கோழி அங்கிள்?"

"அது கீழ் மூலையிலை, சின்னனா. என்ரை முகத்தின்ரை ரண்டு பக்கமும் விமானியள் குத்துற சிறகுச் சின்னம். பின்னாலை முகில். படம் வந்த வருசமும் எண்பது வருச நிறைவும் தெரியவேணும். என்ரை படத்துக்குக் கீழை போடும்: ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திமூண்டு, ஒரு கோடு, ரண்டாயிரத்து இருபத்திமூண்டு."

"அங்கிள், இட் லுக்ஸ் லைக் எ..."

"கலை எண்டால் அப்பிடித்தான் பிள்ளை இருக்கும். அடியும்."

இப்போது அந்த விளம்பரம் ஸ்காபரோவின் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில், மற்ற மரண அறிவித்தல்களுக்கு நடுவில், சொந்த இனத்தோடு சேர்ந்த நிம்மதியோடு ஒட்டியிருந்தது. இரு பக்கமும் சிறகு முளைத்த இக்னேசியஸ் முகில்களுக்கிடையில் புன்னகைத்தார். மூலையில் இருந்த வான்கோழியைச் சனம் பரிசுத்த ஆவியாரின் புறா என்று எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொழுத்த புறா என்று மட்டும் ஒருசிலர் அபிப்பிராயப்பட்டார்கள்.

"எனக்கு அறுபத்தொண்டு!" என்று இக்னேசியஸ் குதித்தார். "நாற்பத்திமூண்டிலை பிறந்தவன் எண்டு போட்டிருக்கு. ஒருத்தனுக்குமா சந்தேகம் வரேல்லை?"

"வயதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள் வேரோனிக்கா. உண்மையைச் சொல்லும்போது அவள் எப்போதும் பாத்திரம் கழுவுவாள்.

வதந்தியை முளையிலேயே கிள்ளவேண்டும் என்று இக்னேசியஸ் தீர்மானித்தார். பேரவையின் வட்ஸ்அப் குழுவில், தன்னுடைய சொந்த நம்பரிலிருந்து, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று எழுதினார்.

ஐந்து நிமிடத்துக்குள் பதில்கள் கொட்டின.

'ஆம் ஐயா. எங்கள் நெஞ்சங்களில் என்றென்றும்.'

'உண்மை. கலைஞனுக்கு மரணமில்லை.'

'அழகான வரி. எழுதிய குடும்ப உறுப்பினருக்கு ஆறுதல் கிட்டுவதாக.'

"வசனத்தைத் திருத்தி எழுதுங்கோவன்," என்றாள் வேரோனிக்கா.

அவர் திருத்தி எழுதினார். 'நான் சாகவில்லை. விழாவில் சந்திப்போம்.' அதற்கு வந்த பதில்களை வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அவற்றில் ஒன்று, விழாவில் எந்தக் கதவால் ஆவி வரும் என்று கேட்டிருந்தது.

அடுத்ததாகப் புது விளம்பரம். செத்தவீட்டுக்கு ஆரும் கலரில் அறிவித்தல் போடமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. கலரில் அடித்தார். சந்தோஷமான விழா என்று காட்ட, 'நிகழ்ச்சி முடிவில் மதிய உணவு பரிமாறப்படும், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் வருக' என்று கீழே சேர்த்தார்.

அதோடு கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களுக்கும் தெளிவு பிறந்தது. அடக்கம் குடும்பத்துக்குள் நடந்துவிட்டது, இது முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாடு.

கடைசியில் ஆளே நேரில் போனார். பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றி, கண்ணாடியில் ஒட்டியிருந்த தன்னுடைய படத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"வடிவாப் பாருங்கோ. இது ஆர்?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இருண்டது. கவுண்டரைச் சுற்றி வந்து இக்னேசியஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பியார் எண்டு சொல்லவே தேவையில்லை. அண்ணையை உரிச்சுப் படைச்சிருக்கு. ஆனால் ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் அவரைவிட அமைதியான ஆள்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த இக்னேசியஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தார்.

"விழாவை ரத்துப் பண்ணப் போறன்."

"ஏன்?" என்றாள் வேரோனிக்கா.

"ஏனோ? ஊர் முழுக்க என்னைச் சாக்காட்டி வைச்சிருக்கு!"

அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். அவள் அப்படிப் பக்கத்தில் வந்து இருந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

"இஞ்சை கேளுங்கோ. நீங்கள் உயிரோடை இருக்கேக்கை எத்தினை பேர் வாறம் எண்டவை?"

இக்னேசியஸ் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"இப்ப பார்க்டேலிலை இருந்து வாறம் எண்டினம். மொன்றியலிலை இருந்து ஒரு வான் பிடிச்சு வருகினமாம். பார்க்கிங் போதுமோ எண்டு கேக்கினம். உங்களுக்கு மண்டபம் நிறையவேணும். எங்கடை சனம் கூட்டத்துக்கு வராது, செத்தவீட்டுக்கு வரும். வாற சனத்தை ஏன் மறிப்பான்?"

"அப்ப நான்?"

"நீங்கள் கிச்சினுக்குள்ளை இருங்கோ. எல்லாரும் வந்து இருந்த பிறகு படத்தைப் போடுவம். படம் முடிஞ்சு லைட் போடேக்கை, கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வாறியள்."

இக்னேசியஸின் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் விழுந்தது. அவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். அலறல். இரண்டு பேர் மயங்கி விழுகிறார்கள். மேடையில் அவர், கையில் ஆய்வுரை. சனம் கதிரையோடு ஒட்டிப்போய் இருக்கிறது.

"உயிர்த்தெழுந்த பிறகு வாசிக்கிற உரையை ஒருத்தரும் இடையிலை எழும்பிப் போகேலாது," என்றார் மெதுவாக.

"அதுதானே," என்றாள் வேரோனிக்கா. "அதுவரைக்கும் வாயே திறக்கக்கூடாது. ஒருத்தரோடையும் கதைக்கவும் கூடாது. போனை என்னட்டைத் தாங்கோ."

அந்தக் கிழமை முழுக்க அவள் தொலைபேசியும் கையுமாகத்தான் திரிந்தாள். நிலவறைப் படியில் இருந்துகொண்டு தாழ்ந்த குரலில் கதைத்தாள். ஒருதரம் அவள் சிரித்தது போலவும் கேட்டது. இக்னேசியஸ் எட்டிப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துக்கம் விசாரிக்கிறவையைச் சமாளிக்கிறன்," என்றாள். தனக்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நன்றியாக அன்றிரவு ஆய்வுரையின் முன்னுரையை அவளுக்கு இன்னொருமுறை வாசித்துக் காட்டினார்.

விழா நாள் வந்தது. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வெக்ஸ்போர்ட் தேவாலயத்தின் கீழ் மண்டபம். வெளியே மழையும் பனியும் கலந்து தூறியது. கறுப்புக் கோட்டுகளில் போர்வீரர் நினைவுக்கான சிவப்புப் பொப்பிப் பூக் குத்திய சனம் வந்துகொண்டேயிருந்தது. மேலே பூசை முடிந்து வந்தவர்கள், பேரப்பிள்ளையின் நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள்போல முன்வரிசைக்கு அடிபட்டார்கள். கதிரை போதாமல் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளையும் கொண்டுவந்து போட்டார்கள்.

இக்னேசியஸ் கிச்சினுக்குள், சோற்றுத் தட்டுகளுக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் நடுவில், பட்டு வேட்டியோடு நின்றார். பரிமாறுகிற ஜன்னலின் தகரக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்குள்ளால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

மேடையில் அவருடைய பெரிய படம். மாலை போட்டிருந்தது. பேரவை தொடங்கிய காலத்திலிருந்து அவருக்கு யாரும் இவ்வளவு பெரிய மாலை போட்டதில்லை.

அருள்நாயகம் மைக்கைப் பிடித்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"இக்னேசியஸ் அண்ணையைப் பற்றி என்ன சொல்ல? அடக்கமான மனிசன். மைக்கைக் கண்டால் ஒதுங்கிப் போவார். ரண்டு வசனம் கதைக்கச் சொன்னால் ஒண்டரை வசனத்தோடை முடிப்பார்."

சபையில் முன்வரிசை தலை குனிந்தது. தோள்கள் குலுங்கின. ஒரு பெண் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இந்தச் சனத்தைத் தான் தப்பாக எடைபோட்டுவிட்டதாக இக்னேசியஸ் முதல்முறையாக நினைத்தார்.

அடுத்தது அமிர்தநாதர், பங்குச் சபைப் பெரியவர். தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"அவர் பேசினால் நேரம் போறதே தெரியாது," என்றார். "போன முறை நான் இடையிலை ரண்டுதரம் முழிச்சுப் பாத்தனான். ரண்டுதரமும் அதே இடத்திலைதான் நிண்டார். அவ்வளவு உறுதி."

பின்வரிசையில் ஒரு மனிதர் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதுகைத் தடவினார். தடவியவரின் தோளும் குலுங்கியது.

கிச்சினுக்குள் இக்னேசியஸ் அழுதே விட்டார். கண்ணைத் துடைக்க ஒன்றும் அகப்படாமல் அப்பளத்தை மூடியிருந்த கடதாசியை எடுத்துத் துடைத்தார். இப்படியே இன்னும் நாலு பேர் பேசினால் இன்றைக்கு முழுக்கச் செத்தவனாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அருள்நாயகம் மீண்டும் மைக்குக்கு வந்துவிட்டார்.

"அண்ணை ஆசைப்பட்ட படத்தை இப்ப பாப்பம். விளக்கவுரை ஒண்டும் இல்லை. படம் மட்டும்."

கரகோஷம் எழுந்தது. அஞ்சலியுரை முடிந்த கையோடு கரகோஷம் எழுந்த முதல் நினைவஞ்சலி அதுவாகத்தான் இருக்கும்.

லைட் அணைந்தது. திரையில் தொப்பி போட்ட வான்கோழி வந்து, தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்தியது.

மண்டபம் வெடித்தது.

முதலில் இக்னேசியஸுக்குக் கோபம் வந்தது. துன்பியல் நாயகனைப் பார்த்து இப்படியா சிரிப்பது? வான்கோழி தடியால் கரும்பலகையைத் தட்டியது. சனம் கதிரையைத் தட்டியது. தாரா நழுவியபோது கைதட்டினார்கள். கொக்கு நழுவியபோது விசிலடித்தார்கள். முன்வரிசைக் குழந்தை ஒன்று எழுந்து நின்று, முதலில் திரையையும் பிறகு மாலை போட்ட படத்தையும் சுட்டிக்காட்டியது. தாய் அதன் கையை இழுத்து இருத்திவிட்டுத் தானும் சிரித்தாள். வெறும் வாங்குக்கு முன்னால் வான்கோழி கடைசிப் பாடத்தை நடத்தியபோது அமிர்தநாதரின் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

கோபம் மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. எண்பது வருடத்துப் பழைய படம். நேற்று வந்த படம்போல் சனம் ரசிக்கிறது. யார் கொண்டுவந்தது? இக்னேசியஸ். இந்த மண்டபத்தை நிறைத்தது யார்? இக்னேசியஸ். அவர் அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஆய்வுரையைக் கையில் எடுத்தார். அது ஒரு றாத்தல் பாண் கனத்தில் இருந்தது.

படம் முடிந்தது. லைட் போட்டார்கள்.

இக்னேசியஸ் கிச்சின் கதவை இரு கையாலும் தள்ளித் திறந்துகொண்டு, பட்டு வேட்டி பளபளக்க, கைகளை விரித்தபடி வெளியே வந்து நின்றார்.

அலறல் வரவில்லை.

"அண்ணை, கதவிலை நிக்காதையுங்கோ," என்றான் உணவு பரிமாற வந்த ஒருவன். "சோத்தை வெளியாலை எடுக்கவேணும்."

சனம் எழும்பி வரிசையில் நிற்கத் தொடங்கியது. இரண்டு பேர் இக்னேசியஸைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர், "படம் நல்லாயிருந்தது தலைவர்," என்றார். இன்னொருவர் அவருடைய கையிலிருந்த தாள் கட்டைக் கண்டதும் வரிசையில் இரண்டு இடம் முன்னுக்கு நகர்ந்தார்.

இக்னேசியஸ் மேடைக்கு ஓடினார். மைக் ஏற்கெனவே கழற்றிப் பெட்டிக்குள் போய்விட்டது. அருள்நாயகம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள் தலைவர்!" என்று பொன்னாடை ஒன்றை எடுத்து அவருடைய தோளில் போட்டார். "மண்டபம் நிறைஞ்சிட்டுது. சொன்ன சொல்லு மாறமாட்டம். கதிரை உங்களுக்குத்தான். அடுத்த விழாவும் இதே மாதிரித்தான் செய்யவேணும். இதேமாதிரி."

கதிரை கிடைத்துவிட்டது. ஆனாலும் இக்னேசியஸுக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. சுற்றிப் பார்த்தார். வேரோனிக்கா தூரத்தில் கத்தரிக்காய்க் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்காமல் பரிமாறினாள். பக்கத்தில் யோகராணி அக்கா, நிறைந்த தட்டோடு ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்து அப்பளம் உடைத்தார்.

"அக்கா, நான் செத்துப்போனன் எண்டு முதல் முதல் அழுதது நீங்கள். இப்ப நான் முன்னாலை வந்து நிக்கிறன். நீங்கள்கூடப் பயப்பிடேல்லையே?"

யோகராணி அக்கா அப்பளத்தை வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"ஏன் தம்பி பயப்பிடவேணும்? வேரோனிக்காதானே போன கிழமை முழுக்க வீடு வீடாப் போன் எடுத்து, 'அவர் உயிரோடைதான் இருக்கிறார், ஆனால் அண்டைக்கு வாயே திறக்கமாட்டார், நம்பி வாங்கோ' எண்டு சொன்னவ!"